வெளித் திண்ணையும் உள் தரையும்: ஒரு பாரதக் கொட்டகையின் நிகழ்வு ஆய்வு

## எந்த நிகழ்வு

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கமுள்ள ஒரு சிறு பேரூராட்சியில், திரௌபதி அம்மன் கோயிலுக்கு வடக்கே, கருங்கல் தூண்களின் மேல் ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று நிற்கிறது. ஊரார் அதைப் பாரதக் கொட்டகை என்று அழைப்பார்கள். திருவிழாக் கூத்து கோயில் முன்னால் திறந்த வெளியில் நடக்கும். இந்தக் கொட்டகை கூத்துப் பழகுவதற்காகக் கட்டியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பூட்டியும் புளி மூட்டை அடுக்கியும் கிடந்த அந்த இடத்தில் மறுபடி சலங்கை கட்டி ஆடுவதற்கு எங்களுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடித்தது. அந்தக் காலத்தின் பதிவு இது. முயற்சிக்கென்று அமைந்த பதினொரு பேர் குழுவில் நான் கணக்கு எழுதினேன்.

சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே இல்லை. இதே நிலையில் வேறு ஊர்களிலும் கொட்டகைகள் கிடக்கின்றன. அங்கே யாராவது சாவியைத் தேடத் தொடங்கினால், நாங்கள் தடுக்கி விழுந்த இடங்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன்.

## கொட்டகை வந்த விதம்

எங்கள் பக்கத்தில் பாரதத் திருவிழா மாசியில் தொடங்கி ஆடி வரை ஊர் ஊராக நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன், போரில் அவன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளம் நடந்து விழா முடியும். இன்று பெரும்பாலான ஊர்கள் வெளியூர்க் கூத்துக் குழுக்களுக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வருகின்றன. இரண்டு தலைமுறைக்கு முன் பல ஊர்களில் ஊர்க்காரர்களே வேடம் கட்டினார்கள். வாத்தியார் ஒருவரை அழைத்துவந்து தங்கவைத்து, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துச் சாப்பாடு போட்டு, ஐப்பசியிலிருந்து தை வரை இரவில் அடவும் பாட்டும் பழகினார்கள். அவை மழை மாதங்கள்; பிறகு பனி மாதங்கள். தீப்பந்தமோ பெட்ரோமாக்ஸ் விளக்கோ திறந்தவெளியில் நில்லாது. அதனால்தான் கூரை வேண்டியிருந்தது.

கூத்தாடுகிறவரின் உடம்பைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. அந்த மரம் எடை குறைந்தது. ஆனாலும் இரவு முழுவதும் அவற்றைத் தாங்கிக்கொண்டு, கணுக்காலில் சலங்கையோடு, நின்ற இடத்தில் பம்பரம்போலச் சுற்றுகிற கிறிக்கி அடிக்க வேண்டும். அந்தப் பாரம் முழுவதும் பாதத்திலும் முழங்காலிலும் இறங்குகிறது. இதை நாங்கள் முதலிலேயே யோசித்திருந்தால் ஓர் இளைஞருடைய கால் தப்பியிருக்கும்.

கொட்டகைக்குப் பன்னிரண்டு கல்தூண்கள். வேலிக்கும் வீட்டுக்கும் கல்லுக்கால் நடுகிற மாவட்டம் இது என்பதால் அதில் வியப்பில்லை. மேற்கே வேடம் கட்டும் அறை, மற்ற மூன்று பக்கமும் இடுப்பளவு சுவர். கிழக்குச் சுவருக்கு வெளியே, கூரை நிழல் எட்டாத தூரத்தில், ஒரு தாழ்ந்த கல் திண்ணை. நான் சிறுவனாக அதில் உட்கார்ந்து விளையாடியிருக்கிறேன். அது யாருக்காகப் போட்டது என்று கேட்டதே இல்லை. வாசல் நிலைக்கு மேலே உபயதாரர்கள் ஏழு பேரின் பெயர் பொறித்த கல் உண்டு. அதில் ஆண்டு இல்லை.

## கூத்து நின்று புளி வந்தது

எழுபதுகளின் பிற்பகுதியில் வாத்தியார் இறந்தார். அவருக்குப் பின் யாரை அழைப்பது என்பதில் ஊர் இரண்டு பட்டது. அதே சமயம் ஓசூரில் தொழிற்சாலைகள் வந்தன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போவது வழக்கமானது. பழக ஆள் இல்லை. ஆனால் ஊரில் கூத்து நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருவிழாவுக்கு வெளியூர்க் குழு வந்து ஆடியது, ஊரும் விடிய விடியப் பார்த்தது. கற்றுக்கொள்வது மட்டும் நின்றது. கூத்து அழிகிறது என்று பொதுவாகப் புலம்புகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்பது என் கருத்து.

சும்மா கிடந்த கொட்டகையைப் புளி மண்டி வைத்திருந்த ஒருவர் கிடங்காக எடுத்துக்கொண்டார். தர்மபுரியில் புளி பெரிய வியாபாரம். கோதும் கொட்டையும் நீக்கிய புளியில் உப்புச் சேர்த்து மாதக்கணக்கில் வைப்பார்கள். அவருக்குப் பின் அவர் மகன் அங்கே தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டுப் பூட்டினார். எங்கள் தலைமுறைக்கு அது அந்தக் குடும்பத்தின் கட்டடம் என்றே மனத்தில் பதிந்துவிட்டது.

## 2020: சாவியைக் கேட்டது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனித் திருவிழா பாதியில் நின்றது. பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களில் எட்டுப் பேர், ஒரு காலத்தில் அந்தக் கொட்டகையில் பழகித் திரௌபதி வேடம் கட்டிய அறுபத்தைந்து வயதுப் பெரியவரிடம் போய், ராகி அடிக்கும் களத்தில் அடவு கற்கத் தொடங்கினார்கள். பொழுது போக்காகத் தொடங்கியது விட முடியாததாக ஆயிற்று. ஐப்பசி மழை வந்ததும் கொட்டகையைக் கேட்டார்கள். சாவி வைத்திருந்தவர், "அது எங்கள் அப்பா இடம். சாமானை எடுத்து எங்கே வைப்பது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பியிருந்தார்.

அதன் பிறகே ஊர்ப் பெரியவர்கள் கூடிக் குழு அமைத்தார்கள். முதல் மூன்று மாதம் எதையும் செய்யாமல் பார்ப்பது, கேட்பது, எழுதுவது என்று முடிவெடுத்தோம். நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே சரியானது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

## நாங்கள் கண்டவை

பொதுப்பணியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். தூண்கள் பதினொன்று நேராக நின்றன, ஒன்று மட்டும் சாய்ந்திருந்தது. கூரைச் சட்டங்களில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மோசமானது தரை. பல ஆண்டு உப்பும் புளியும் இறங்கி, மழைக்காலத்தில் தரை வியர்த்தது, வெயிலில் பொடிந்தது. விரலால் கீறினால் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

காகிதம் என்று தேடினால், பேரூராட்சியின் வரிப் பதிவேட்டில் கட்டடம் புளி மண்டிக் குடும்பத்தின் பெயரில் இருந்தது. அவர்கள் ஆண்டுதோறும் வரி கட்டியிருந்தார்கள். இடம் கிராம நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம். பட்டா யார் பெயரிலும் இல்லை. பாரத சபை என்று ஒன்று இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அது பதிவான சங்கமா என்பதற்குத் தடயம் இல்லை.

நாங்கள் கலந்துபேசிய வழக்கறிஞர் ஓர் எச்சரிக்கை தந்தார். வரி ரசீது உரிமையைத் தந்துவிடாது. ஆனால் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாளரை மறுத்து நீண்ட காலம் ஓர் இடத்தை வைத்திருந்தால், அதைக் கொண்டு உரிமை கேட்க முடியும். தனியார் இடத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு, அரசு இடத்துக்கு முப்பது ஆண்டு என்று 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் கணக்கு வைக்கிறது. இங்கே முப்பத்தைந்து ஆண்டு தாண்டிவிட்டது. ஆனால் அந்தக் குடும்பம் வாடகைக்கோ அனுமதியின் பேரிலோ உள்ளே வந்தது என்று காட்ட முடிந்தால் அந்த வாதம் வலுவிழந்துவிடும். அதைக் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை.

## டிரங்குப் பெட்டி

பழைய பாரத சபையின் காரியதரிசி எண்பதுகளிலேயே இறந்துவிட்டார். அவருடைய மகள் ஊரிலேயே இருந்தார். ஊரார் அவரைப் பெரியம்மா என்பார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. குழுவில் எல்லோரும் ஆண்கள்; கூத்து ஆண்கள் விவகாரம் என்ற நினைப்பு எங்களுக்கும் இருந்தது. நான்காவது மாதம், வேறு வேலையாகப் போன ஒருவரிடம் அவரே, "அப்பா நோட்டு என்னிடம்தானே இருக்கிறது, யாரும் கேட்கவில்லையே" என்று சொல்லியிருக்கிறார்.

டிரங்குப் பெட்டியில் மூன்று நோட்டுகள் இருந்தன. முதல் நோட்டின் முதல் பக்கம்: "ஜய வருஷம் தை மாதம், பாரதக் கொட்டகை கால் நட்ட வரவு செலவு." ஊரும், சேலம் ஜில்லா என்பதும் எழுதியிருந்தது. தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2 அன்று. அதற்கு முன் நாங்கள் சேலத்தோடு இருந்தோம். ஆகவே 1965க்கு முந்தையது என்று தெரிந்தது. ஆனால் தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஜய என்பது 1954-55 ஆகவும் இருக்கலாம், 1894-95 ஆகவும் இருக்கலாம். ஊரின் பெருமையை விரும்பிய சிலர் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டார்கள். நூற்றிருபத்தைந்து ஆண்டு என்று பேனர் அடிக்கவும் பேச்சு நடந்தது.

நான் கணக்குக்காரன் என்பதால் தொகைகளைப் பார்த்தேன். துர்முகி ஆண்டு வரை ரூபாய், அணா, பை. ஹேவிளம்பி ஆண்டுச் சித்திரையில் திடீரென்று நயா பைசா வருகிறது; எழுதியவர் ஓர் அணாவுக்கு 6 நயா பைசா என்று ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறார். நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. ஹேவிளம்பி 1957-58. அப்படியானால் கால் நட்டது 1955 தை மாதம்தான். அறுபது ஆண்டு குறைந்ததில் சிலருக்கு வருத்தம். எனக்கு அந்த ஓரக் குறிப்பைப் பார்த்ததில் உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. புதுக் காசு வந்த முதல் மாதத்தில் ஒரு மனிதர் விளக்கடியில் உட்கார்ந்து ஊர்ப் பணத்தில் ஒரு பைசா கூடத் தவறக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கங்களில் நாங்கள் தேடியது கிடைத்தது. காளயுக்தி ஆண்டு, அதாவது 1978-79 முதல், ருத்ரோத்காரி ஆண்டு, அதாவது 1983-84 வரை, மாதந்தோறும் "புளி மண்டி வாடகை வரவு" என்ற பதிவு. ஒவ்வொன்றின் அருகிலும் மண்டிக்காரரின் கையெழுத்து. காரியதரிசி இறந்தபின் வாங்க ஆள் இல்லாததால் வாடகை நின்றிருக்கிறது. வரி கட்டியதற்கும் விளக்கம் இருந்தது: வாடகையில் ஒரு பகுதியை வரியாகக் கட்டிவிட வேண்டும் என்ற ஏற்பாடு நோட்டிலேயே எழுதப்பட்டிருந்தது.

## வழக்கா, பேச்சா

குழுவில் நால்வர் வழக்குப் போடுவோம் என்றார்கள். கையில் ஆதாரம் இருக்கிறது, ஏன் தயங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். மற்றவர்கள் மறுத்தோம். வழக்கு பத்தாண்டு போகலாம். அதற்குள் கற்பிக்கக்கூடிய பெரியவருக்கு எழுபத்தைந்தாகிவிடும். இன்னொரு காரணம் நோட்டிலேயே இருந்தது. மண்டிக்காரரின் தந்தை, கொட்டகைக்கு ஓடு முழுவதையும் வாங்கித் தந்தவர். வாசல் கல்லில் உள்ள ஏழு பேரில் ஒருவர். அந்தக் குடும்பத்தை ஊருக்கு எதிரியாக நிறுத்துவது வரலாற்றுக்கே பொருந்தாது.

மூன்று பேர் நோட்டை எடுத்துக்கொண்டு சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போனோம். வாடகைப் பக்கத்தை முதலில் காட்டவில்லை. ஓடு வாங்கிய பக்கத்தைக் காட்டினோம். தாத்தாவின் பெயரை அவர் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவரே பக்கங்களைப் புரட்டித் தன் தந்தையின் கையெழுத்துக்கு வந்துசேர்ந்தார். நெடுநேரம் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, இடம் ஊர்ப் பொது என்றும் தம் குடும்பம் வாடகைக்கு இருந்தது என்றும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். சாமானை எடுக்க ஒரு மாதம் கேட்டார், இருபது நாளில் எடுத்துவிட்டார்.

## முதல் நோட்டின் ஐந்தாம் பக்கம்

கொட்டகையின் வரலாற்றை ஊர்க்கூட்டத்தில் படிப்பது என்று தீர்மானம். படிப்பதற்காக நோட்டை முழுமையாகப் பார்க்கும்போது முதல் நோட்டின் ஐந்தாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "கல்லுக்கால் பன்னிரண்டு. மலையடியிலிருந்து இழுத்த காலனி ஆள் பதினெட்டு. கூலி இல்லை. களியும் சாறும் கொடுத்தது." அதற்கு நான்கு பக்கம் தள்ளி: "வெளித் திண்ணை போட்ட செலவு. தப்பு அடிக்கும் ஆட்களுக்கு."

காலனி என்பது தலித் மக்களின் குடியிருப்பு. கூத்து நடக்கப்போகிறது என்று ஊருக்கு அறிவிப்பது தப்பு என்கிற பறை. படுகளத்திலும் அதன் ஒலி இல்லாமல் ஆகாது. கல்லை இழுத்துவந்து கூரையைத் தாங்கவைத்தவர்கள், தப்படித்துக் கூத்தைத் தொடங்கிவைத்தவர்கள், கூரைக்குள் வரக் கூடாது. அவர்களுக்கு நிழல் எட்டாத திண்ணை. நான் விளையாடிய திண்ணை.

இதைப் படிப்பதா என்று குழுவில் நடந்த விவாதம்தான் இந்த முயற்சி முழுவதிலும் கடினமானது. "பழைய கதை, இப்போது எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள், எதற்குக் கிளற வேண்டும்" என்றார்கள் சிலர். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. சண்டை வந்துவிடுமோ என்ற அச்சம். எங்கள் மாவட்டத்தில் அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. என் பக்கத்து வாதம் இது: சாவி வைத்திருந்தவரிடம் நோட்டைக் கொண்டுபோய், எழுதியிருப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டோம். அவர் ஏற்றுக்கொண்டார். அவருக்கு எதிரான பக்கம் செல்லும், நமக்கு எதிரான பக்கம் செல்லாது என்றால் அந்த நோட்டு என்ன ஆதாரம்? ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் படிப்பது என்று முடிவாயிற்று.

படிப்பதற்கு முன் காலனிக்குப் போய்ச் சொன்னோம். அங்கே தப்படிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். எண்பது வயதுக்கு மேல். கல் இழுத்த பதினெட்டுப் பேரில் தன் தந்தையும் ஒருவர் என்றார். எங்களுக்கு அது கண்டுபிடிப்பு. அவர்களுக்கு அது வீட்டில் பேசித் தெரிந்த கதை. பதினெட்டுப் பேரில் பதினான்கு பேரின் பெயரை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

கூட்டத்தில் படித்தேன். யாரும் எழுந்து கத்தவில்லை. ஆனால் நன்கொடை தருவதாகச் சொன்ன இரண்டு பேர் தரவில்லை. குழுவிலிருந்து ஒருவர் விலகினார். அந்த இடத்துக்கும், கூடுதலாக இரண்டு இடங்களுக்கும், காலனியிலிருந்து இருவரையும் டிரங்குப் பெட்டிப் பெரியம்மாவையும் சேர்த்தோம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தாலே சங்கம் பதிய முடியும். நாங்கள் பதின்மூன்று பேராகப் பதிந்தோம்.

## பேரூராட்சியிடம் ஒப்படைத்தது

பழுது பார்க்கப் பணம் வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு தரும். ஆனால் அதற்குக் கட்டடம் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். சங்கத்தின் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாமா, பேரூராட்சியிடம் கொடுத்துவிடலாமா என்று இரண்டு கூட்டம் பேசினோம். சங்கத்திடம் இருந்தால் ஒரு தலைமுறைக்குப் பின் மறுபடி ஒரு வீட்டுச் சாவியாகிவிடும் என்பதே பெரும்பாலோர் கருத்து. கூத்துப் பழகுவதற்கு முன்னுரிமை, யாரும் உள்ளே வரத் தடை இல்லை என்ற இரண்டு நிபந்தனைகளோடு ஒப்படைத்தோம்.

அந்த முடிவு சரியானது. ஒப்படைத்தபின் நாங்கள் கவனமாக இல்லாமல் போனது தவறு.

## தரை

மதிப்பீடு போட்டார்கள். கூரை, மின் இணைப்பு, கழிப்பறை, தரைக்கு டைல்ஸ். நாங்கள் படித்துப் பார்த்து மகிழ்ந்து கையெழுத்திட்டோம். டைல்ஸ் என்றால் நல்லது என்பதைத் தவிர யாருக்கும் வேறு எண்ணம் வரவில்லை. கூத்துக் கற்பிக்கும் பெரியவரிடமோ ஆடும் இளைஞர்களிடமோ மதிப்பீட்டைக் காட்டவில்லை.

வேலை முடிந்து பளபளவென்று இருந்தது. முதல் ஒத்திகையிலேயே பெரியவர் முகம் சுளித்தார். "கால் பேசவில்லை" என்றார். சலங்கை ஒலி சுவரில் மோதித் திரும்பி மத்தளத்தோடு குழம்பியது. யார் தாளம் தவறினார்கள் என்று அவரால் பிரித்துக் கேட்க முடியவில்லை. இளைஞர்கள் முழங்கால் வலிக்கிறது என்றார்கள். பழகப் பழகச் சரியாகும் என்று நாங்கள் சொன்னோம். மூன்றாம் வாரம், அபிமன்யு வேடத்துக்குப் பழகிய இளைஞர் கிறிக்கி அடிக்கும்போது வியர்வை சொட்டிய இடத்தில் கால் வழுக்கி விழுந்தார். முழங்காலில் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை, ஏழு மாத ஓய்வு. அவர் திருப்பூரில் நின்றுகொண்டு செய்யும் வேலையில் இருந்தவர். வருமானமும் போயிற்று. சங்கம் சிகிச்சைச் செலவில் பாதியைத்தான் தர முடிந்தது.

அவசரக் கூட்டத்தில் ரப்பர் விரிப்பு போடலாம், மரப்பலகை போடலாம் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். பெரியம்மா அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. "முன்பு இருந்த தரை என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். சிறுமியாக இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் தாயுடன் வந்து அந்தத் தரையை மெழுகியவர் அவர். ஒத்திகை தொடங்குமுன் பெண்கள் வெளியேறிவிட வேண்டும். அதனால் ஆட்டத்தை அவர் கொட்டகைக்குள் ஒரு நாளும் பார்த்ததில்லை. தரையை மட்டும் அறிவார்.

அவர் சொன்னபடி: கீழே உடைகல், அதன் மேல் ஓடை மணல், மேலே சலித்த செம்மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து ஒரு வாரம் புளிக்கவைத்துப் பரப்பி, ஈரம் காயக் காயத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். ஒரே நாளில் இடித்து முடித்தால் வெடிக்கும். நான்கு நாள், காலையும் மாலையும். பிறகு சாணம் மெழுக வேண்டும். காலுக்கு இணங்கும், ஆனால் குழி விழாது. குழி விழுந்தால் அந்த இடத்தை மட்டும் நனைத்து இடித்தால் போதும்.

பேரூராட்சிப் பொறியாளரிடம் போனோம். மண் தரைக்கு விலைப்பட்டியலில் இடமே இல்லை, போட்ட டைல்ஸைப் பெயர்த்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார். அவர் நிலை நியாயமானது. இரண்டு மாதப் பேச்சுக்குப் பின் ஓர் ஏற்பாடு வந்தது: சுவரோரம் பார்வையாளர் உட்காரும் பகுதியில் டைல்ஸ் அப்படியே இருக்கும். நடுவில் ஆடும் இடத்தில் மட்டும் சங்கம் தன் செலவில் பெயர்த்து மண் தரை போடும். பெயர்த்த டைல்ஸைக் கழிப்பறைச் சுவருக்குப் பயன்படுத்திக் கணக்குக் காட்டும். உப்பு ஏறிய பழைய மண்ணை அரை அடிக்கு வெட்டி வெளியேற்ற வேண்டியிருந்தது. டைல்ஸுக்கு அடியில் அது அப்படியே கிடந்தது.

நான்கு நாள் இடித்தோம். ஊரும் காலனியும் முறை வைத்து வந்தார்கள். இம்முறை கூலி எழுதினேன். வாங்க மறுத்தவர்கள் பெயருக்கு எதிரே, மறுத்தார் என்று எழுதினேன்.

## அதன் பிறகு

தரை காய்ந்த வாரம் முதல் ஒத்திகை. தப்புப் பெரியவரை அழைத்திருந்தோம். பேரன் கையைப் பிடித்து வந்தவர் பழக்கத்தில் நேராகத் திண்ணைக்குப் போனார். உள்ளே வாருங்கள் என்று மூன்று பேர் கூப்பிட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தானாக எழுந்து வந்து, டைல்ஸ் போட்ட ஓரத்தில் உட்காராமல், மண் தரையில் மத்தளக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தப்பைக் காய்ச்ச நெருப்பு கேட்டார்.

திண்ணையை இடித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். காலனி உறுப்பினர்கள் இருவரும் கூடாது என்றார்கள். அது இருக்கிறது. வாசலில் பழைய ஏழு பெயர்க் கல்லுக்குக் கீழே, பெரியவர் சொன்ன பதினான்கு பெயர்களும் "மேலும் நால்வர்" என்ற வரியும் பொறித்த இன்னொரு கல் வைத்திருக்கிறோம்.

இன்று பதினாறு பேர் பழகுகிறார்கள். சென்ற மாசியில் பதினெட்டு நாளில் இரண்டு இரவு ஊர்க்காரர்களே ஆடினார்கள். மற்றவை வெளியூர்க் குழுவுடையவை. மூன்று பெண் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். கோயில் முன் அவர்கள் வேடம் கட்டுவதற்கு ஊர் இன்னும் சம்மதிக்கவில்லை. சங்கத்திலும் அதில் ஒருமித்த கருத்து இல்லை. காலில் அடிபட்ட இளைஞர் ஆடுவதை நிறுத்திவிட்டார், பின்பாட்டு பாடுகிறார். விலகிய உறுப்பினர் ஒத்திகை பார்க்க வருகிறார், சங்கத்துக்குத் திரும்பவில்லை.

## மறுபடி செய்தால் மாற்றுவது

மதிப்பீட்டில் கையெழுத்திடுவதற்கு முன், ஆடுகிறவர்களை அந்த இடத்தில் ஆடச் சொல்லிப் பார்ப்போம். சிறு பகுதியில் மாதிரித் தரை போட்டிருந்தால் பெருஞ்செலவும் ஒரு காலும் மிஞ்சியிருக்கும்.

கொட்டகையைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் பட்டியலை, உள்ளே ஆடியவர்களை மட்டும் வைத்துப் போடமாட்டோம். மெழுகியவர், கல் இழுத்தவர் வீட்டார், சோறு போட்ட வீடுகள், எல்லோரையும் முதல் மாதமே கேட்போம். நோட்டு நான்கு மாதம் ஒரு தெரு தள்ளி இருந்தது.

நோட்டுகளைக் கையில் எடுத்த அன்றே நகல் எடுப்போம். நாங்கள் ஓராண்டு கழித்தே எடுத்தோம். அதற்குள் பலர் கைபட்டு முதல் நோட்டில் இரண்டு தாள் கிழிந்துவிட்டன. அவற்றில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பதிவாளரிடம் தவறாமல் தாக்கல் செய்யும் பொறுப்பை ஒருவர் தலையில் கட்டாமல் இருவருக்குக் கொடுப்போம். பழைய சபை ஒரே ஒரு காரியதரிசியோடு போயிற்று.

படுகளத்துக்கு அடிக்கும் தப்பு அடிகள் ஒன்பது வகை என்று தப்புப் பெரியவர் சொன்னார். அவற்றை ஒலிப்பதிவு செய்ய மூன்று முறை நாள் குறித்தோம். ஒருமுறை மழை, ஒருமுறை பதிவுக் கருவி கிடைக்கவில்லை, ஒருமுறை எங்களில் யாருக்கும் ஒழியவில்லை. சென்ற ஐப்பசியில் அவர் காலமானார். அவருடைய பேரனுக்கு நான்கு அடிகள் தெரியும்.